திரும்பத் திரும்ப வருவது எப்போது டிசைன் ஆகிறது? கோலம், ஓலைப்பெட்டி, பூக்கல்

கீறல் (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), பனங்கட்டி, கறித்தூள், நல்லெண்ணெய் என்று சிறிய அளவில் செய்து விற்பவர்களுக்குப் பை, லேபல் டிசைன் செய்து கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “பார்த்தவுடனே யாழ்ப்பாணச் சாமான் என்று தெரியவேணும், பின்னுக்கு ஒரு பேட்டர்ன் போட்டு விடுங்கோ.”

இதற்கு இங்கே வழக்கமாக நடப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பனைமரத்தையோ நல்லூர்க் கோபுரத்தையோ சின்னதாக்கி, பை முழுக்க வரிசை வரிசையாக அடுக்குவார்கள். பிழை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தரம் பார்த்தால் போதும், கண் இரண்டாம் தரம் அங்கே போகாது. எங்கள் குசினியில் தொங்குகிற ஓலைப்பெட்டியிலும் ஒரே பின்னல்தான் அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் வருகிறது. அதை எத்தனை வருடம் பார்த்தாலும் சலிக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. என்னோடு வேலை செய்கிற நண்பர், “ஒன்றைக் கீறினால் மிச்சத்தைக் கொம்பியூட்டர் கொப்பி பண்ணிவிடும், இதில் படைப்பு எங்கே இருக்கிறது?” என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் சரியில்லை என்று சொல்லத்தான் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


ஊடுபுள்ளி (சுன்னாகம்) எழுதியது:

தம்பி, நான் சித்திர பாடம் படிப்பிக்கிறவள். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நீங்கள் சொல்கிற பையில் திரும்ப வருவது ஒரு படம். பெட்டியில் திரும்ப வருவது ஒரு விதி. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

கோலத்தையே எடுங்கள். தமிழ்நாட்டில் போல இங்கே நாள்தோறும் வாசலில் போடும் வழக்கம் அவ்வளவாக இல்லை. பொங்கல், கல்யாண வீடு, கோயில் என்றால்தான். ஆனாலும் புள்ளி வைக்கத் தெரியாத வீடு இல்லை. ஏழு புள்ளி, ஏழு வரிசை என்று நேர்ப்புள்ளி வைத்தால் 49 புள்ளி, ஒரு சதுரம். அதே ஏழை நடுவில் வைத்து, அடுத்தடுத்த வரிசைப் புள்ளிகளை முந்திய வரிசையின் இடைவெளிக்கு நேராக ஆறு, ஐந்து, நாலு என்று இரண்டு பக்கமும் குறைத்தால் 37 புள்ளி, ஓர் அறுகோணம். இதுதான் ஊடுபுள்ளி. பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை, வரிசையை அரைப் புள்ளி தள்ளினோம், அவ்வளவுதான். ஆனால் பிறக்கிற கோலங்களின் குணமே மாறிவிடும். நேர்ப்புள்ளியில் கண் மேலும் கீழும், இடமும் வலமும் ஓடும். ஊடுபுள்ளியில் சரிந்து ஓடும், ஆறு இதழ்ப் பூக்கள் தானாக விரியும்.

துணி அச்சில் வேலை செய்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு நிரலில் பூவை வைத்துவிட்டு, பக்கத்து நிரலை அரைப்பங்கு கீழே இறக்குவார்கள். இல்லாவிட்டால் பூக்களுக்கு நடுவே வெறும் பாதைகள் நேர்கோடாகத் தெரியும். உங்கள் பனைமரப் பையில் கண் முதலில் பிடிப்பது பனையை அல்ல, பனைகளுக்கு நடுவே கிடக்கிற அந்தப் பாதைகளை. ஒருதரம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற முறையைச் சொல்கிறேன், கொம்பியூட்டருக்கு முந்தியது. ஒரு கடதாசியின் நடுவில் மட்டும் கீறுங்கள், ஓரத்தைத் தொடாதீர்கள். பிறகு நெடுக்காக நடுவே வெட்டி, இடத்துண்டை வலப்பக்கமும் வலத்துண்டை இடப்பக்கமும் மாற்றி ஒட்டுங்கள். இப்போது கீறினதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும், நடு வெறுமையாக நிற்கும். குறுக்காகவும் வெட்டி அப்படியே மேல் கீழ் மாற்றுங்கள். இனி நடுவில் உள்ள வெறுமையை நிரப்புங்கள். அந்தத் துண்டை எத்தனை தரம் அடுக்கினாலும் பொருத்து தெரியாது. இதில் எந்த நிமிடத்தில் பிள்ளை யோசிக்கிறது என்று கவனித்திருக்கிறேன். முதல் படத்தைக் கீறும்போது அல்ல. நடுவில் திறந்த வெறுமையை எதனால் நிரப்புவது என்று திகைத்து நிற்கிறதே, அப்போதுதான். உங்கள் நண்பர் தேடுகிற படைப்பு அங்கே இருக்கிறது.


கணக்குமாஸ்டர் (வடமராட்சி) எழுதியது:

ரீச்சர் சொன்ன விதி என்பதற்குப் பின்னால் ஒரு திடமான கணக்கு இருக்கிறது. தளம் முழுவதும் இரு திசையிலும் திரும்ப வருகிற எந்தக் கோலத்தை எடுத்தாலும், அதன் சமச்சீர், அதாவது நகர்த்தினாலும் திருப்பினாலும் எதிரொளித்தாலும் அப்படியே பொருந்துகிற விதம், 17 வகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். 1891-இல் ரஷ்யாவின் ஃபெதரோவ் படிகங்களை ஆராயும்போது இதை நிறுவினார். 1924-இல் போல்யா என்ற கணிதர் தனியாக மறுபடி கண்டார். 18-ஆவது வகை கிடையாது. சேலைக்கரை, கோயில் மதிலின் மேல்விளிம்பு போல ஒரே திசையில் நீளுகிற வேலைப்பாடு என்றால் 7 வகைதான்.

அந்த ஏழில் ஒன்றை நாங்கள் நல்லூர்த் திருவிழாவில் காலால் போடுகிறோம். வீதி மணலில் நடந்தால் இடக்கால், வலக்கால், இடக்கால். ஒவ்வொரு தடமும் முந்தியதன் கண்ணாடிப் பிம்பம், ஆனால் ஓர் அடி முன்னே தள்ளி வைத்தது. நேரே எதிரொளிப்பதைவிட இந்த வகையில் ஓட்டம் அதிகம். கொடி வளைந்து இடமும் வலமும் மாறி மாறி இலை விடுகிற கரைகள் எல்லாம் இதுதான். லேபலின் ஓரத்துக்கு ஏதாவது தேவை என்றால் முதலில் இதைப் பரீட்சித்துப் பாருங்கள், தம்பி.

எதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்கிறேன். யாழ்ப்பாணக் கோட்டை ஐங்கோணம், 1658-க்குப் பிறகு ஒல்லாந்தர் கட்டியது. அந்த வடிவத்தை எடுத்து ஒழுங்கான ஐங்கோணங்களால் பையை இடைவெளி இல்லாமல் நிரப்பலாம் என்று நினைத்தால் நடக்காது. ஓர் ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324, நாலு சேர்ந்தால் 432. 360 வரவே வராது. முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுக்கும் வரும்.

ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. 1974-இல் இங்கிலாந்துக் கணிதர் பென்ரோஸ், ஐந்து மடங்குச் சமச்சீரின் சாயல் உள்ள, ஒருபோதும் அப்படியே திரும்ப வராத தரையோடுகளின் அடுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். 1982-இல் ஷெக்ட்மன் என்ற விஞ்ஞானி உலோகக் கலவை ஒன்றில் அந்த மாதிரி ஒழுங்கை நேரில் பார்த்தார். முதலில் ஒருவரும் நம்பவில்லை. 2011-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரே ஓர் ஓட்டு வடிவத்தை வைத்து, திரும்ப வராத அடுக்கைச் செய்யமுடியுமா என்ற கேள்வி 2023 வரை கிடந்தது. அந்த ஓட்டு வடிவத்தைக் கண்டவர் இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்பவர். கணிதப் பேராசிரியர் அல்ல, கடதாசியில் வடிவம் வெட்டி அடுக்கிப் பார்க்கிற ஆர்வம் உள்ள ஓய்வுபெற்ற மனிதர். நிறுவலைக் கணிதர்கள் சேர்ந்து எழுதினார்கள், வடிவத்தைக் கண்டது அவருடைய கை.


வேலியடைப்பு (சாவகச்சேரி) எழுதியது:

மாஸ்டர், மதிப்போடு ஒரு மறுப்பு. பெட்டி இழைத்த ஆச்சிமாருக்கு 17-உம் தெரியாது, 7-உம் தெரியாது. அவர்கள் வடிவாகத்தான் இழைத்தார்கள். கணக்கைக் கற்றுக்கொண்டு கோலம் போடு என்று இளம் ஆட்களிடம் சொன்னால் கை கட்டுப்பட்டுப் போகும். கலை என்பது ஒழுங்கை மீறுவது இல்லையா?


ஓலைப்பெட்டி (பண்டத்தரிப்பு) எழுதியது:

அண்ணா, அந்த ஆச்சிமாரில் ஒருத்தியிடம் இழைக்கப் பழகினவள் நான். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். 17 என்ற எண் தெரியாது, சரி. கணக்கு இல்லாமல் ஒரு பெட்டியும் மூடாது.

எப்படி என்று சொல்கிறேன். சார்வோலையை (பனையின் இளம் ஓலையை) வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுப்போம். நிறம் வேண்டும் என்றால் அந்த வாரை இழைக்க முன்னமே சாயத் தண்ணீரில் அவித்து உலர்த்திவிடுவோம். அடி சதுரமாகத் தொடங்கும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று போனால் சதுரக் கட்டம் வரும். இரண்டு மேலே இரண்டு கீழே, ஒவ்வொரு வரியிலும் ஒரு வார் தள்ளி என்று போனால் சரிந்த படி வரும். மூலையை மடித்து மேலே எழுப்பும்போது அடியில் நேராகக் கிடந்த வார்கள் சுவரில் சாய்வாக ஏறும். அதனால்தான் அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருக்கிறது.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஆறு வாருக்கு ஒரு சிவப்பு என்று டிசைன் வைத்தால், சுற்றிவர உள்ள வார்களின் தொகை ஆறால் பிரிபடவேண்டும். 48 வார் என்றால் எட்டுத் தரம் வந்து அழகாக மூடும். 50 வார் என்றால் கடைசியில் இரண்டு வார் மிச்சம் நிற்கும், சிவப்பும் சிவப்பும் பொருந்தாத ஒரு பக்கம் வந்துவிடும். அதைப் பிறகு திருத்த வழியில்லை, அடியிலிருந்து அவிழ்க்கவேண்டும். ஆகவே முதல் வாரை வைக்கும்போதே விளிம்பில் என்ன வரும் என்று மனதில் பார்த்துவிடவேண்டும். ஆச்சி வாய்க்குள் முணுமுணுத்தபடி எண்ணுவா. கேட்டால் “கதைகொடுக்காத, கணக்குப் பிழைச்சுப் போகும்” என்பா.

மீறுவது பற்றிக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை, எண்ணத் தெரிந்தவள் வேண்டுமென்றே ஒரு வாரை மாற்றினால் அது பூவாக நிற்கும். எண்ணாதவள் மாற்றினால் ஓட்டை போலத் தெரியும். பார்க்கிற எவருக்கும் இந்த வித்தியாசம் புரிந்துவிடும்.


பூக்கல் (கொக்குவில்) எழுதியது:

நான் வீட்டு வரைபடம் கீறுகிறவன். எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. முந்தின வீடுகளில் விறாந்தைக்கும் குசினிக்கும் காற்றுப் போக வைத்த சீமெந்துப் பூக்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சு ஒன்றே ஒன்றுதான். மேசன் அதைத் திருப்பி வைக்கிற விதத்தில்தான் சுவர் மாறும். மூலையிலிருந்து மூலைக்குக் கால்வட்டம் ஓடுகிற கல் என்றால், நாலு கல்லைப் பார்த்து வைத்தால் நடுவில் முழு வட்டம். இரண்டை மாற்றித் திருப்பினால் அலை. ஒரே கல், ஒரே செலவு.

இதை 1704-இல் பிரான்சில் துருஷே என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். குறுக்கே பாதி கறுப்பு, பாதி வெள்ளையான ஒரு சதுர ஓடு. அதை நாலு திசையில் வைக்கலாம். நாலு ஓடு சேர்ந்த ஒரு கட்டத்துக்கே 256 விதம் வரும். கீறல் தம்பியின் நண்பர் ‘கொப்பி’ என்று சொல்வது இதைத்தான் என்றால், கொப்பி பண்ணுவது கல்லை. எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவை ஒருவரும் கொப்பி பண்ண முடியாது.

இன்னும் ஒன்றை ரீச்சர் தொடவில்லை. சுவரில் உள்ளது பாதி டிசைன்தான். பின்னேர வெயில் சரியும்போது அந்த வட்டமெல்லாம் நிலத்தில் நீண்ட முட்டையாக விழும், வெயில் நகர நகர வடிவமும் நகரும். தளம் அமைக்கும்போது நாங்கள் அந்த நிழலையும் கணக்கில் எடுக்கவேண்டும். இப்போது அந்த இடத்தில் அலுமினிய யன்னலும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு அடைக்கிறார்கள். காற்றும் போயிற்று, நிழலும் போயிற்று. எனக்கு அதில் உண்மையான கவலை உண்டு.


வேலியடைப்பு எழுதியது:

ஓலைப்பெட்டி தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பூக்கல் தம்பி எழுதியதை வைத்து என் மறுப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன்.

வேலிக்குக் கட்டுகிற தென்னோலைக் கிடுகு ஏன் அப்படிப் பின்னியிருக்கிறது? மழைத் தண்ணீர் வழிந்து போகவேண்டும், வெளியில் நிற்பவருக்கு உள்ளே தெரியக்கூடாது, காற்று மட்டும் வரவேண்டும். பூக்கல்லுக்குக் காற்று. பெட்டிக்கு மா சிந்தாமல் இருக்கவேண்டும். இவை ஒன்றும் அழகுக்கென்று பிறந்தவை அல்ல, வேலையிலிருந்து பிறந்தவை. அவற்றைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் பையில் அச்சடித்தால் அந்தப் பின்னலுக்கு அங்கே என்ன வேலை? பனைமரத்தை அடுக்குவது உயிரில்லாதது என்றால், பெட்டிப் பின்னலைப் படமாக அடுக்குவதும் அதே கணக்குத்தானே? உண்மையாகக் கேட்கிறேன்.


நூல்கட்டு (ஸ்காபரோ, கனடா) எழுதியது:

இந்த இழையில் இதுதான் முக்கியமான கேள்வி. நான் துணி அச்சு டிசைனில் நிறைய வருடம் இருந்தவள், ஊர் அளவெட்டி.

பெட்டியின் தோற்றத்தை எடுத்தால் வேலியடைப்பு அண்ணா சொல்வது சரி, அது வெறும் படம். பெட்டியின் முறையை எடுத்தால் அப்படி இல்லை. பைக்கும் ஒரு வேலை உண்டு. கடைத்தட்டில் பத்தடி தூரத்திலிருந்து தெரியவேண்டும், கையில் எடுத்தால் வாசிக்கவேண்டும், ஓரம் ஒட்டுகிற இடத்தில் படம் முறியக்கூடாது. அந்த வேலைக்குள்ளிருந்து ஒழுங்கு பிறந்தால் அது உயிரோடு இருக்கும். ஓலைப்பெட்டி சொன்ன 48-உம் 50-உம் எனக்கு அப்படியே தொழிலில் வந்தது. உருளை அச்சில் வழக்கமான சுற்றளவு 64 சென்ரிமீற்றர். டிசைன் 32, 16, 8 என்று அதற்குள் அடங்கவேண்டும். 15 சென்ரிமீற்றரில் எவ்வளவு அழகாகக் கீறினாலும் உருளை ஒருமுறை சுற்றி வரும்போது வெட்டுத் தெரியும். ஆச்சியின் பிரச்சினைதான், சாமான் மட்டும் வேறு.

கொம்பியூட்டர் வேலை உயிரற்றுத் தெரிவதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்றும் இருக்கிறது. துண்டுக்குள் ஒரே ஒரு இடம் மட்டும் மற்றதைவிடத் துலங்கினால், ஒரு கடும் புள்ளியோ வளைந்த இலையோ, அடுக்கினவுடன் கண் அதை மட்டும் எண்ணத் தொடங்கிவிடும். பனைமரப் பையில் பெரும்பாலும் பனையின் தலைப்பக்கமான அந்த வட்டின் கறுப்புத்தான் அப்படித் தெரியும். கையால் இழைத்ததில் எந்த இரண்டு கட்டமும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு வார் கொஞ்சம் மஞ்சள், ஒன்று கொஞ்சம் வெளிறல். கண்ணுக்கு மேயக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஆகவே துண்டைப் பெரிதாக எடுங்கள், துலங்குவதை ஒன்றாக விடாமல் பலவாகப் பிரியுங்கள், சிலதைத் திருப்பி வையுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வடிவம் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் எடுக்காதீர்கள். இங்கே ஒரு கல்யாண அழைப்பிதழில் குருத்தோலைத் தோரணத்தை ஓரம் முழுக்கப் போட்டிருந்தார்கள், பொன்னிறத்தில், மிக நேர்த்தியாக. செத்தவீட்டுக்குக் கட்டுகிற தோரணம் அது. மங்கலத்துக்கு மடிப்பது வேறு விதம் என்று கீறின பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை, எங்கேயோ ஒரு படத்தைப் பார்த்துக் கீறியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் பார்த்தபோது அச்சடித்து முடிந்துவிட்டது. கோடுகளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒருவருக்கும் கொடுக்க முடியாத அழைப்பிதழ்.


ஊடுபுள்ளி எழுதியது:

நூல்கட்டு அக்கா சொன்னது பொன்னான விஷயம். பாடசாலையில் நாங்கள் தோரணத்தை ‘அலங்காரம்’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகிறோம், அது போதாது.

வேலியடைப்பு அண்ணாவுக்கு ஒன்று. எல்லாம் வேலையிலிருந்து பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. பெட்டியில் அந்தச் சிவப்பு வார் எதற்கு? மா சிந்தாமல் இருக்கச் சிவப்புத் தேவையில்லை. வெறும் ஓலையே போதும். வேலை முடிந்த பிறகும் ஒரு பெண் மினக்கெட்டுச் சாயம் காய்ச்சி அவித்து எடுக்கிறாள் என்றால், அது அவளுடைய ஆசை. அந்த ஆசைக்கு ஓடி விளையாட ஒரு கட்டத்தை வேலை போட்டுக் கொடுத்தது. இரண்டையும் பிரிக்க வேண்டியதில்லை.

கம்பிக் கோலத்திலும் அப்படித்தான். புள்ளி ஒன்றும் வெளியே நிற்கக்கூடாது, கோடு தொடங்கின இடத்தில் வந்து முடியவேண்டும். இரண்டு விதி. அதற்குள் எத்தனை ஆயிரம் கோலம்! சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே இந்தக் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். முற்றத்தில் மாவால் போட்ட கோடு கணினியியலுக்குள் போனது. எனக்கு அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி.


கீறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். பனைமரப் படத்தை விட்டுவிட்டேன். இப்போது ஒடியல் மாப் பைக்குச் செய்து பார்ப்பது இது: ஊடுபுள்ளிக் கட்டம், அதன் மேல் இரண்டு மேலே இரண்டு கீழே என்ற சரிவு, சில வார்கள் மட்டும் சிவப்பு. ஓலையின் படத்தைப் போடவில்லை, தட்டையான நிறம்தான். பெயர் வரும் இடத்தில் சரிவுகள் விலகி வழிவிடுகின்றன. பூக்கல் அண்ணா சொன்னதுபோல் ஒரே துண்டைத் திருப்பி வைத்ததில் அது கிடைத்தது, புதிதாக ஒன்றும் கீறவில்லை.

இரண்டு கேள்வி. நிறம் எத்தனை வைக்கலாம்? பை முன்பக்கம் 12 சென்ரிமீற்றர், பின்பக்கம் 12. என் துண்டின் அகலம் இப்போது மூன்றரை. ஓரம் ஒட்டுகிற இடத்தில் சரியாக வருமா?


நூல்கட்டு எழுதியது:

இரண்டு நிறத்தோடு நில்லுங்கள். இந்த மாதிரிப் பைகளுக்கு அச்சில் நிறங்கள் கொஞ்சம் விலகி விழும். சிவப்புக்கும் ஓலை நிறத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டால் விலகினது தெரியாது. முதல் பிரதியைச் சுவரில் ஒட்டிவிட்டு, அறையின் மறுகோடியில் நின்று பாருங்கள்.


ஓலைப்பெட்டி எழுதியது:

தம்பி, சுற்றளவு 24. மூன்றரையால் பிரித்தால் ஆறு தரம் போக மூன்று சென்ரிமீற்றர் மிச்சம் நிற்கும், மூடாது. துண்டை மூன்றாகச் சுருக்கினால் எட்டுத் தரம், நாலாக விரித்தால் ஆறு தரம். நான் என்றால் நாலு எடுப்பேன். அப்போது முன்பக்கத்தில் மூன்று வரும், நடுத்துண்டு பெயருக்கு நேரே நிற்கும். ஓரம் ஒட்டுவதற்கு மடிக்கிற அரைச் சென்ரிமீற்றரையும் மறக்காமல் கேட்டுக் கழியுங்கள், சிவப்பு வார் அதற்குள் மறைந்து போகக்கூடாது.